ரூபன்ஸின் ‘அற்புத மீன்பிடிப்பு’, போல்ஸ்வெர்ட்டின் செப்புத்தகடு: இதில் வலை இழுப்பவர்கள் யார்?

டைலெக்கரை (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். பெல்ஜியத்தில் மெக்கலன் என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறேன். வேலைக்காக வந்தவன், ஓவியம் படித்தவன் இல்லை. ஊருக்கு நடுவே டைலெ என்று ஒரு சின்ன ஆறு ஓடுகிறது. அதன் அக்கரையில் ‘டைலெக்கு அப்பாலுள்ள நம் அன்னை’ என்ற பழைய தேவாலயம். மழைக்கு ஒதுங்கத்தான் உள்ளே போனேன். அங்கே ஆளுயரத்துக்கு மேலே ஒரு பெரிய பலகை ஓவியம்: படகு, வலை, மீன், வலையோடு மல்லுக்கட்டும் முரட்டு ஆட்கள், நடுவில் இயேசுவும் பேதுருவும். ராத்திரி முழுக்க மீன் கிடைக்காத பேதுரு, இயேசு சொன்னபடி திரும்ப வலை போட்டதும் வலை கிழிகிற அளவு மீன் வந்த பைபிள் கதை. பதினேழாம் நூற்றாண்டு ஓவியர் ரூபன்ஸ் வரைந்தது என்று எழுதியிருந்தது.

வீட்டுக்கு வந்து தேடினால் அதே கதை கறுப்பு வெள்ளையில் ஒரு செதுக்குப் படமாகவும் கிடைத்தது. செதுக்கியவர் ஸ்கெல்டெ ஆ போல்ஸ்வெர்ட். ஆனால் ஓவியம் நெட்டுவாக்கில் இருக்க, இது படுக்கைவாட்டில் நீண்டு கிடக்கிறது. மூன்று தகடுகளில் செதுக்கி, மூன்று தாள்களை ஒட்டியது என்கிறார்கள். ஒரே படத்தை ஏன் இப்படி மாற்றினார்கள்? யார் வாங்கினார்கள்? இந்த மன்றத்தில் அச்சுக்கலை தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள் என்று தெரியும். கொஞ்சம் விளக்கினால் நல்லது.

---

தாமிரத்தகடு

நல்ல இடத்தில்தான் ஒதுங்கியிருக்கிறீர்கள் தம்பி.

முதலில் ஓவியத்தைப் பற்றி. 1617இல் மெக்கலன் மீன் வணிகர் சங்கம் தங்கள் பீடத்துக்காக ரூபன்ஸிடம் கேட்டது. 1619இல் வேலை முடிந்தது. கூலி 1600 கில்டர் (அந்தக் காலத்து நாணயம்). மூன்று மடிப்புள்ள பீட ஓவியம் அது. நடுப்பலகையில் அற்புத மீன்பிடிப்பு. ஒரு சிறகின், அதாவது மடிக்கும் பக்கப்பலகையின், உட்புறத்தில் தோபியாவும் வானதூதரும். மற்றதில் மீன் வாயிலிருந்து வரிக்காசு எடுக்கும் பேதுரு. கீழே சின்னச் சின்னப் பலகைகளாக யோனாவைக் கடலில் எறிவது, இயேசு தண்ணீர்மேல் நடப்பது. பைபிளில் மீனும் கடலும் வருகிற இடங்களை ஒன்றுவிடாமல் பொறுக்கி எடுத்து ஒரே பீடத்தில் வைத்துவிட்டார்கள். ‘மீன் சம்பந்தமாக என்னென்ன இருக்கிறதோ எல்லாவற்றையும் போடுங்கள்’ என்று சங்கத்துப் பெரியவர்கள் சொன்னதுபோல் இருக்கிறது என்று எங்கள் ஆசிரியர் சிரிப்பார்.

இனி உங்கள் கேள்வி. பீட ஓவியம் நெட்டுவாக்கில் இருப்பதற்குக் காரணம் பீடம். பூசை நடக்கும்போது தூரத்தில் நிற்பவருக்கும் தெரிய வேண்டும், அதனால் மேலே எழும்பியாக வேண்டும். மேசைமேல் விரித்துப் பார்க்கிற தாளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. லண்டன் தேசியக் கலைக்கூடத்தில் இதே காட்சியைப் படுக்கைவாட்டில் காட்டும் ஒரு படம் இருக்கிறது. காகிதத்தில் கருஞ்சுண்ணம், பேனா, எண்ணெய் வண்ணம் மூன்றும் கலந்து செய்து, பிறகு துணியில் ஒட்டியது. அகலம் முக்கால் மீட்டருக்கு மேல். செதுக்குபவருக்கு மாதிரியாக அமைந்தது அதுதான். ரூபன்ஸின் கூடத்தில் வேலை செய்த இளம் ஓவியர் வான் டைக்கின் கையும் அதில் உண்டு என்று வாதிடுபவர்கள் இருந்திருக்கிறார்கள், அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. ஆக, ஓவியத்தைப் பார்த்து அப்படியே நகலெடுத்த வேலை இல்லை இது. அச்சுக்காகவே காட்சியைப் புதிதாக அமைத்திருக்கிறார்கள். அகலப்படுத்தியதும் என்ன கிடைக்கிறது பாருங்கள்: இரண்டு படகுகளுக்கும் இடம், தண்ணீருக்கு இடம், ஆட்கள் சாய்ந்து இழுக்க இடம்.

---

நெல்லை வாசகி

மன்னிக்கவும், ஒரு அடிப்படைச் சந்தேகம். தோபியா யார்? சின்ன வயதிலிருந்து ஞாயிறு பள்ளிக்குப் போனவள் நான். யோனா தெரியும், மீன் வாயில் காசு தெரியும், வலை கிழிந்த கதையும் தெரியும். இந்தப் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை.

---

மணப்பாட்டான்

அக்கா, உங்கள் புராட்டஸ்டண்ட் பைபிளில் அது இருக்காது. கத்தோலிக்க பைபிளில் தோபித்து என்று ஒரு நூல் உண்டு. கண் தெரியாத தோபித்து தன் மகன் தோபியாவைத் தூர தேசத்துக்குப் பணம் வாங்கிவர அனுப்புகிறார். வழித்துணையாக வருகிற இளைஞன் ரபேல் சம்மனசு (வானதூதர்), பையனுக்கு அது தெரியாது. கூடவே ஒரு நாயும் போகும். திக்ரீசு ஆற்றில் கால் கழுவ இறங்குகிறபோது ஒரு பெரிய மீன் பாய்ந்து வருகிறது. பயப்படாதே, பிடி என்கிறார் ரபேல். அந்த மீனின் இதயமும் ஈரலும் பேயை விரட்ட, பித்து அப்பாவின் கண்ணுக்கு மருந்து. எங்கள் பாட்டி சொல்லும் கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த நாய்தான்.

இன்னொன்று. நீங்கள் பேதுரு என்கிறீர்கள். எங்கள் ஊர்ப் பக்கம் பழையவர்களுக்கு அவர் இராயப்பர். பவுல் என்றால் சின்னப்பர்.

---

தாமிரத்தகடு

இது சுவையான இடம். ரூபன்ஸ் 1577 ஜூன் 28 அன்று ஜெர்மனியின் சீகன் நகரில் பிறந்தார். மறுநாள் ஜூன் 29, இராயப்பர் சின்னப்பர் திருநாள். அதனால்தான் அவருக்குப் பீட்டர் பால் என்று பெயர். மணப்பாட்டில் பிறந்திருந்தால் இராயப்பன் சின்னப்பன் ரூபன்ஸ் என்றுதான் கூப்பிட்டிருப்பார்கள்.

தன் பெயருக்குரிய புனிதரை அவர் கடைசிவரை விடவில்லை. இளமையில் வாழ்ந்த கொலோன் நகரத்துப் பேதுரு கோவிலுக்காகக் கடைசிக் காலத்தில் வரைந்தது, பேதுருவைத் தலைகீழாகச் சிலுவையில் அறையும் காட்சி.

---

கரிச்சட்டி

எல்லாம் சரி. ஆனால் ஒரு விஷயத்தை எல்லோரும் பூசி மெழுகிக்கொண்டு போகிறீர்கள். இது எதிர்ச் சீர்திருத்தக் காலத்து விளம்பரப் படம், அதாவது புராட்டஸ்டண்ட் பக்கம் போனவர்களைக் கத்தோலிக்கத் திருச்சபை திரும்ப இழுக்கப் பார்த்த காலம். 1566இல் நெதர்லாந்து முழுக்க (இன்றைய பெல்ஜியமும் அப்போது அதில் சேர்த்தி) சிலை உடைப்பு நடந்தது. 1580இல் மெக்கலன் கால்வினியர் என்ற புராட்டஸ்டண்ட் பிரிவினர் கைக்குப் போய் 1585 வரை அவர்களிடம் இருந்தது. பிறகு ஸ்பெயின் ஆட்சி திரும்பியதும் வெறுமையாய்க் கிடந்த பீடங்களை எல்லாம் நிரப்ப வேண்டியிருந்தது. ரூபன்ஸுக்குக் கிடைத்த வேலையில் பாதி அப்படி வந்ததுதான். பேதுரு என்றால் போப்பாண்டவர். பேதுரு வலையில் மீன் நிரம்புகிறது என்றால் திருச்சபைக்கு ஆள் திரும்பி வருகிறது என்று பொருள். மீனவர் வாழ்க்கை என்று நீங்கள் உருகுவதெல்லாம் அந்தச் செய்திக்குப் போட்ட அலங்காரம்.

---

தாமிரத்தகடு

பின்னணி சரி, மறுக்கவில்லை. ஆனால் ‘அலங்காரம்’ என்ற சொல்லை ஏற்க மாட்டேன். ரூபன்ஸுக்கு ஒரு நூறாண்டு முன் இத்தாலிய ஓவியர் ரஃபேல் இதே காட்சியை வரைந்தார், 1515–16இல், வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயத்துத் திரைச்சீலைகளுக்கு மாதிரியாக. அந்தச் சீலைகளைப் பிரஸ்ஸல்ஸில் பீட்டர் வான் ஆல்ஸ்ட்டின் கூடத்தில்தான் நெய்தார்கள். ஃபிளாண்டர்ஸ் (பெல்ஜியத்தின் வடபகுதி) ஓவியர் எல்லோருக்கும் அந்தக் காட்சி மனப்பாடம். ரஃபேலில் படகுகள் தொட்டில் அளவு. ஆட்கள் சிலைபோல அழகாகக் குனிந்திருப்பார்கள். முன்னால் நாரைகள் நிற்கும். கண் நேராக, மண்டியிட்ட பேதுருவிடம் போய்விடும்.

ரூபன்ஸிடம் அப்படிப் போக முடியாது. வழியில் வலை குறுக்கே கிடக்கிறது. இழுப்பவர்களின் முதுகையும் தோளையும் தாண்டித்தான் இயேசுவிடம் போக வேண்டும். செய்தி மட்டும் சொல்ல நினைத்தவர் செய்கிற வேலை இல்லை அது.

---

மணப்பாட்டான்

ஒரு வார்த்தை. நான் படம் படித்தவன் இல்லை, கடல் பார்த்தவன். அப்பா முப்பது வருடம் வள்ளத்தில் போனவர்.

கரிச்சட்டி சொல்கிற அரசியல் எனக்கு முக்கியமில்லை. எனக்கு உறுத்துவது வேறு. தாமிரத்தகடு அண்ணன் முதல் பதிவிலேயே சொன்னார், யாரும் கவனிக்கவில்லை: பணம் கொடுத்தது மீன் வணிகர் சங்கம். மீன் பிடிப்பவர் இல்லை, விற்பவர். எங்கள் ஊரில் இந்த இரண்டும் ஒன்று என்று சொன்னால் அடிக்க வருவார்கள். கரையில் நிற்கிற வியாபாரி ராத்திரிக் குளிரில் நனைந்தது கிடையாது. முன்பணம் கொடுத்து வைத்திருப்பார், வள்ளம் கரை தொட்டதும் ஏலத்தில் தன் விலைக்கு எடுப்பார். மீன்பாடு இல்லாத நாளில் கடன் ஏறும். மீன்பாடு அதிகமான நாளில் விலை இறங்கும். வலை கிழிகிற அளவு மீன் வந்தால் யாருக்குக் கொண்டாட்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்படியானால் மெக்கலன்காரர்கள் தங்கள் பீடத்தில் வைத்தது யாரை? தங்களை இல்லை. தாங்கள் யாரிடம் மீன் வாங்கினார்களோ, அந்த ஆட்களின் உடம்பை.

---

டைலெக்கரை

இதைப் படித்துவிட்டு நேற்று மாலை ஊருக்குள் ஒரு சுற்று நடந்தேன். ஆற்றங்கரையில் உப்புத்துறை என்று பொருள்படும் ஒரு தெரு. அங்கே ‘பெரிய சால்மன்’ என்ற பெயரில் கல்லால் கட்டிய அழகான வீடு இருக்கிறது. அதுதான் மீன் வணிகர் சங்கத்தின் வீடாம். 1530களில் கட்டியது, அதாவது ரூபன்ஸிடம் போவதற்கு ஏறத்தாழ எண்பது ஆண்டு முன்பே அவர்களிடம் அப்படி ஒரு மாளிகை. மீன், உப்பு, ஓட்ஸ் மூன்றும் மெக்கலனில் இறக்கி விற்றாக வேண்டும் என்ற உரிமை இந்த ஊருக்கு இடைக்காலத்திலிருந்தே உண்டு. அதற்காக ஆண்ட்வெர்ப்போடு வழக்கும் சண்டையும் நெடுங்காலம் நடந்திருக்கிறது. கடல் இங்கிருந்து கண்ணுக்கு எட்டாத தூரம். இவர்களுக்குக் கடல் என்பது ஆற்றில் ஏறி வரும் படகும் கூடையும்தான்.

மணப்பாட்டான் அண்ணா, நீங்கள் சொன்னது சரி. அந்த வீட்டின் முகப்பைப் பார்த்தால் வலை இழுத்தவன் வீடு இல்லை என்று உடனே தெரிகிறது.

---

நெல்லை வாசகி

எனக்குத் தெரிந்த பக்கத்திலிருந்து ஒன்று சேர்க்கிறேன். லூக்கா 5ஆம் அதிகாரத்தை மறுபடி படித்தேன். பேதுருவும் வெறும் கூலியாள் இல்லை. படகு அவருடையது. யாக்கோபும் யோவானும் அவருக்குக் கூட்டாளிகள் என்று அதிலேயே இருக்கிறது. மாற்கு 1இல் அவர்கள் அப்பா செபெதேயுவைக் கூலியாட்களோடு படகில் விட்டுவிட்டு மகன்கள் போனார்கள் என்று வருகிறது. அப்படியென்றால் அந்தக் கெனேசரேத்து ஏரிக்கரையிலும் முதலாளி, கூட்டாளி, கூலி என்று அடுக்கு இருந்திருக்கிறது. சீஷர்கள் பின்னால் போனார்கள் என்பதைத்தான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். படகில் மிச்சமாக உட்கார்ந்திருந்த அந்தக் கூலியாட்களைப் பற்றி ஒரு வாத்தியாரும் பேசியதில்லை.

இன்னொன்று கண்ணில் பட்டது. கதை தொடங்கும்போது மீன்பிடிகாரர்கள் வலையை அலசிக்கொண்டிருக்கிறார்கள். ராத்திரி முழுக்க ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த நேரத்தில் ஒருவர் வந்து திரும்ப ஆழத்துக்குப் போங்கள் என்றால்?

---

மணப்பாட்டான்

அலசிய வலையைத் திரும்பப் போடச் சொன்னால் எங்கள் அப்பா போட்டிருக்க மாட்டார் அக்கா. சாமியே வந்து சொன்னாலும் ‘காயட்டும், நாளைக்குப் பார்ப்போம்’ என்றுதான் சொல்லியிருப்பார். இராயப்பர் போட்டதுதான் எனக்கு முதல் அற்புதம். மீன் வந்தது இரண்டாவது.

---

பாரிஸ் வேலு

டைலெக்கரை, நீங்கள் பார்த்த பீடத்தில் யோனா இருந்தாரா? இருந்திருக்க முடியாது. அவர் எங்கள் நாட்டில் இருக்கிறார்!

1794இல் பிரெஞ்சுப் படை தென் நெதர்லாந்தை (இன்றைய பெல்ஜியம்) பிடித்ததும் ரூபன்ஸ் ஓவியங்களைக் கழற்றிப் பாரிசுக்குக் கொண்டுவந்தது. 1801இல் ஒரு அரசாணை: பாரிசில் குவிந்திருக்கும் படங்களை 15 நகர அருங்காட்சியகங்களுக்குப் பிரித்துக் கொடு என்று. அதில் நான்சியும் ஒன்று. அடியில் இருந்த சின்னப் பலகைகளில் இரண்டு, யோனாவும் தண்ணீர்மேல் நடக்கும் இயேசுவும், அங்கே போய்ச் சேர்ந்தன. நெப்போலியன் விழுந்தபின் நடு ஓவியமும் சிறகுகளும் மெக்கலனுக்குத் திரும்பின. நான்சிக்குப் போனவை திரும்பவில்லை.

நான் இரண்டு வருடம் முன்பு நான்சியில் பார்த்தேன். சின்னப் பலகைதான். கப்பலிலிருந்து யோனாவைத் தூக்கி எறிகிறார்கள், கீழே அலைக்குள் அந்தக் கடல் மிருகம் காத்திருக்கிறது. பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடக் கும்பல். ஒரு பையன் ‘அது திமிங்கிலம் இல்லை, நாய்’ என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தான்.

---

கரிச்சட்டி

கொள்ளையடித்ததைத் திருப்பித் தராமல் ‘எங்கள் நாட்டில் இருக்கிறார்’ என்று பெருமை வேறு.

---

பாரிஸ் வேலு

நான் எடுத்துக்கொண்டு போகவில்லை ஐயா, டிக்கெட் வாங்கித்தான் பார்த்தேன்.

---

டைலெக்கரை

செதுக்குப் படத்துக்குத் திரும்பலாமா? தாமிரத்தகடு அண்ணா, உயர்தரப் படிமம் ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் சாம்பல் நிறம், நிழல், பளபளப்பு எல்லாம் இருக்கிறது. கிட்டே போனால் வெறும் கோடு. சாம்பல் நிறம் என்று ஒன்று எங்குமே இல்லை! இது எப்படி?

---

தாமிரத்தகடு

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மெருகேற்றிய செப்புத்தகடு. கையில் செதுக்குளி. அதன் முனை சாய்சதுரமாகத் தீட்டியிருக்கும், பிடி காளான் மாதிரி உள்ளங்கையில் பதியும். பென்சில்போல இழுப்பது கிடையாது. உள்ளங்கையால் முன்னே தள்ள வேண்டும். செம்பு சுருள் சுருளாக எழும்பி வரும். வளைகோடு வேண்டுமானால் கையை வளைப்பதில்லை. தகட்டைத் தோல்பையின் மேல் வைத்து இடது கையால் தகட்டையே சுழற்றுவார்கள். கல்லூரியில் முதல் மாதம் முழுக்க எனக்குக் கோடு வரவில்லை, இடது கட்டைவிரலில் காயம்தான் வந்தது.

லேசாகத் தள்ளினால் மயிரிழை. அழுத்தினால் பள்ளம் ஆழமாகும், அகலமாகும், மை அதிகம் பிடிக்கும். ஒரே கோடு மெல்லியதாகத் தொடங்கி, நடுவில் பருத்து, மறுபடி மெலிந்து முடியும். நீங்கள் பார்த்த நிழல் அந்தப் பருமன்தான். போல்ஸ்வெர்ட்டிடம் இது மூச்சு விடுவதுபோல வரும். தோள் என்றால் கோடு தசையைச் சுற்றி வளைந்து போகும். தண்ணீர் என்றால் கோடு படுத்துவிடும். இருட்டு கூட வேண்டுமா, மேலே குறுக்கே இன்னொரு வரிசை. அந்தக் கட்டங்களுக்குள் ஒரு புள்ளி. மீன் வயிறு பளபளக்கிறது என்றால் அங்கே அவர் ஒன்றுமே செய்யவில்லை, அது வெறும் காகிதம். சுற்றியுள்ளதை இருட்டாக்கியே வெளிச்சத்தை உண்டாக்க வேண்டும்.

அப்புறம் அச்சு. தகடு முழுக்க மை பூசி, துணியாலும் உள்ளங்கையாலும் துடைத்துவிடுவார்கள். பள்ளத்தில் மட்டும் மை தங்கும். நனைத்த காகிதத்தை மேலே வைத்து உருளைகளுக்கு நடுவே அழுத்தி இழுத்தால் மை காகிதத்துக்கு ஏறிவிடும். தகட்டின் விளிம்பும் தாளில் பதியும். மூன்று தகடு என்றால் இதெல்லாம் மூன்று முறை. காகிதம் நனைந்தால் விரியும், காய்ந்தால் சுருங்கும். மூன்று தாளும் ஒன்றுபோலச் சுருங்கினால்தான் ஒரு தாளில் தொடங்கும் கோடு அடுத்த தாளில் சரியாகத் தொடரும். நல்ல படி கிடைத்தால் ஒட்டிய இடத்தைத் தேடிப் பாருங்கள், வேலையின் அருமை அங்கேதான் தெரியும்.

இன்னொரு தொல்லை: தகட்டில் இருப்பது தாளில் இடம் வலமாகத் திரும்பிவிடும். ஆசீர்வதிக்கும் கை இடது கையாகிவிட்டால் பாதிரியார் சும்மா விடுவாரா? அதற்காகக் கண்ணாடியில் பார்த்தோ எண்ணெய்த்தாளில் படியெடுத்துத் திருப்பியோ செதுக்குவார்கள்.

---

நெல்லை வாசகி

படிக்கும்போதே கை வலிக்கிறது. இவ்வளவும் செய்த மனிதருக்கு என்ன கிடைத்தது?

---

தாமிரத்தகடு

ஓரத்தில் ஒரு பெயர். அந்தக் காலத்துச் செதுக்குப் படங்களின் அடியில் மூன்று இலத்தீன் சொற்களைப் பார்க்கலாம். ‘பிங்ஸித்’ என்றால் வரைந்தவர், ‘ஸ்குல்ப்ஸித்’ என்றால் செதுக்கியவர், ‘எக்ஸ்குதித்’ என்றால் வெளியிட்டவர், அதாவது காசு போட்டவர். மணப்பாட்டான் சொன்ன அடுக்கு இங்கேயும் உண்டு.

ரூபன்ஸ் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர். தன் படங்களைக் கண்டவர்கள் செதுக்கி விற்பதைப் பார்த்து, 1619இல் பிரான்சு மன்னரிடமும் தன் சொந்த நாட்டு ஆட்சியாளரிடமும் தனியுரிமை வாங்கினார். 1620இல் வடக்கே எதிரி நாடான டச்சுக் குடியரசிடமும் வாங்கினார். மூன்று இடத்திலும் அவர் அனுமதி இல்லாமல் நகல் செய்யக்கூடாது. அதன்பின் தன் செதுக்குநர்களைத் தானே மேற்பார்த்தார். முதல் படிகளை எடுத்து வரச்சொல்லி, தூரிகையால் இங்கே வெளுப்பு, அங்கே இருட்டு என்று திருத்திக் கொடுப்பார். அவர் திருத்திய படிகள் சில இன்னும் இருக்கின்றன.

முதலில் இருந்தவர் லூக்காஸ் வோர்ஸ்டர்மன். அபார திறமை. ஆனால் வேலையின் பெருமை யாருக்கு, பணம் யாருக்கு என்று இருவருக்கும் முற்றிவிட்டது. 1622இல் ரூபன்ஸின் உயிருக்கே ஆபத்து என்று நண்பர்கள் ஆட்சியாளர் இசபெல்லாவிடம் பாதுகாப்புக் கேட்டு மனுக் கொடுக்கும் அளவுக்கு ஊரில் பேச்சு. வோர்ஸ்டர்மன் இங்கிலாந்துக்குப் போய்விட்டார். பிறகு பவுலுஸ் பொன்டியுஸ். பிறகு ஃப்ரீஸ்லாந்தின் போல்ஸ்வார்ட் என்ற ஊரிலிருந்து வந்த அண்ணன் தம்பி: போயெதியுஸும் ஸ்கெல்டெயும். ஊர்ப் பெயரே குடும்பப் பெயராகிவிட்டது, நம் மணப்பாட்டான் மாதிரி. 1640இல் ரூபன்ஸ் இறந்தபிறகும் ஸ்கெல்டெ செதுக்கிக்கொண்டே இருந்தார், 1659 வரை.

---

கரிச்சட்டி

பார்த்தீர்களா, நான் சொன்ன இடத்துக்கே வந்துவிட்டோம். வலை இழுத்தவனுக்கு முதுகுவலி, வணிகருக்குப் பீடம். செதுக்கியவனுக்குக் கண்வலி, ரூபன்ஸுக்குத் தனியுரிமை.

---

தாமிரத்தகடு

நீங்கள் சொன்னது அது இல்லையே கரிச்சட்டி, நீங்கள் போப்பாண்டவர் விளம்பரம் என்றீர்கள். இதைச் சொன்னவர் மணப்பாட்டான்.

அதோடு கணக்கு அவ்வளவு நேராகவும் இல்லை. பீடம் மெக்கலனில் ஒன்றுதான். அதைப் பார்க்க மெக்கலனுக்குத்தான் போக வேண்டும். தாள் அப்படியில்லை. ஒரு செப்புத்தகட்டில் நல்ல படிகள் சில நூறாவது எடுக்கலாம். சுருட்டிப் பெட்டியில் போட்டால் எந்த ஊருக்கும் போகும். ரூபன்ஸ் ஓவியம் ஒன்றைக்கூட நேரில் பார்க்காத ஓவியர்கள் ஸ்பெயினின் அமெரிக்கக் குடியேற்றங்களில் இந்த வகைத் தாள்களை வைத்துத்தான் கோவில்களுக்கு வரைந்தார்கள். பெருவின் கூஸ்கோவிலும் மெக்சிகோவிலும் ரூபன்ஸ் என்றால் அவர்களுக்குத் தெரிந்தது செதுக்கியவர்களின் கோடுதான். தாளில் நிறம் இல்லை அல்லவா, சட்டைக்கு என்ன நிறம், மீனுக்கு என்ன நிறம் என்பதெல்லாம் வரைபவர் இஷ்டம்.

---

டைலெக்கரை

இன்று மறுபடி தேவாலயத்துக்குப் போனேன். அண்ணா சொன்னபடி, இயேசுவைப் பார்க்காமல் முதலில் வலையை மட்டும் பார்ப்பது என்று முடிவுசெய்து நின்றேன். பத்து நிமிடத்தில் எனக்கே தோள் வலிப்பதுபோல் இருந்தது. யாரும் போஸ் கொடுக்கவில்லை. மீன் பக்கம் திரும்பிய முகங்களில் பக்தியும் இல்லை, ஆச்சரியமும் இல்லை, கைவிட்டால் போச்சு என்ற கவனம்தான். நம்புகிற முகம் பேதுருவுக்கு மட்டும்.

அதைவிட ஒன்று. தேவாலயத்தில் விளக்கு போடும் பெரியவர் என்னைப் பார்த்து, நீ மீன்பிடி ஊரா என்று கேட்டார். இல்லை, ஆனால் ஒரு நண்பர் அப்படி என்றேன். மணப்பாட்டான் அண்ணா, உங்களைத்தான் சொன்னேன், கோபிக்க வேண்டாம்.

---

மணப்பாட்டான்

கோபமா, பெருமைதான்.

நானும் ஒன்று செய்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த அப்பாவிடம் செதுக்குப் படத்தைக் கைபேசியில் காட்டினேன். சின்னத் திரை என்பதால் மகளின் கணினியில் பெரிதாக்கிக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். ரூபன்ஸ், போல்ஸ்வெர்ட், 1619 எல்லாம் சொன்னேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. வலையின் ஒவ்வொரு பக்கமாக விரலை வைத்துக்கொண்டே போனார். ‘பாரம் தெரியுது’ என்றார். எங்கள் அப்பா வாயிலிருந்து அது பெரிய பாராட்டு.

பிறகு மற்ற வள்ளத்தைக் காட்டி, இது யாருடையது என்று கேட்டார். கூட்டாளிகளுடையது, இராயப்பர் சைகை காட்டிக் கூப்பிட்டார், இரண்டும் முங்குகிற அளவு மீன் என்று சொன்னேன். எங்கள் பக்கம் வள்ளத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு என்று பிரிப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். உதவிக்கு வந்த வள்ளத்துக்கு என்ன என்பதில்தான் எப்போதும் தகராறு வரும்.

அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: ‘அந்த ரெண்டாவது வள்ளத்துக்கு என்ன பங்கு குடுத்தாங்க?’

---

நெல்லை வாசகி

லூக்காவை மறுபடி எடுத்துப் பார்த்துவிட்டேன் தம்பி. எழுதவில்லை. மீனைக் கரையில் அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

---

மணப்பாட்டான்

அப்பாவிடம் சொன்னேன். ‘அப்ப வியாபாரிக்குத்தான் லாபம்’ என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.